எக்டியோகோலியேசி, தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். புல்லோட பங்காளிச் செடிகள் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன், எக்டியோகோலியேசி குடும்பத்துல வந்து வண்டி நின்னு போச்சு. மொத்தமே ரெண்டு பேரினம், மூணு இனம் தான், மேற்கு ஆஸ்திரேலியாவோட தென்மேற்குல இருக்கிற மணல் புதர்க்காட்டை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அந்தக் காட்டுக்கு அங்கத்திய பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் வெச்ச பேர் க்வொங்கன் (நம்ம கொங்கு இல்ல!). பார்க்க கோரைக் கொத்து மாதிரி இருக்கும், ஆனா இலைன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, அடியில செதில் மட்டும், பச்சைத் தண்டே வெயில்ல சமைச்சு சாப்பிட்டுக்குது. "வறட்சிப்புல் குடும்பம்"னு போடலாமா?

> வறட்சிப்புல் குடும்பம்

வேணாம் தம்பி. நீங்களே பங்காளின்னு சொல்லிட்டு புல்னு பேர் வெச்சா எப்படி? வறட்சி தாங்குற நிஜப் புல்லே ஏகப்பட்டது இருக்கு, குழப்பிக்குவாங்க. தாவரவியலாளர் முல்லர் 1874ல இதுல ஒரு பேரினத்துக்கு எக்டியோகோலியான்னு பேர் வெச்சப்ப கிரேக்கத்துல இல்லாமை, உறை ரெண்டையும் சேர்த்தார். ரெஸ்டியோன்னு கோரை மாதிரியே இருக்கிற இன்னொரு செடில தண்டோட கணுவுக்கு கணு ஒரு உறை சுத்திட்டு நிக்கும், இதுல தண்டு மொழுமொழுன்னு மொட்டை. முன்னாடி ரெஸ்டியோவோட தான் சேர்த்து வெச்சிருந்தாங்க, 1965ல கட்லர், ஏரி ஷான்னு ரெண்டு தாவரவியலாளர்கள் தனிக்குடும்பம் ஆக்கிட்டாங்க. கரும்புல தண்டைச் சுத்தி காய்ஞ்சு நிக்கிறதை எங்க பக்கம் சோகைம்போம், சோகை உரிக்கப் போனா கையெல்லாம் சுணை ஏறி ரெண்டு நாள் அரிக்கும். அதனால "சோகையிலி". மண்ணுல இருந்து வந்த சொல்லு.

அண்ணே, சொல்லு அருமை, ஆனா சோகையிலின்னு படிச்சா ரத்தசோகைக்கு டானிக் விக்கிற மாதிரி இருக்கே! நெல்லுல இலையுறை கருகல், இலையுறை அழுகல்னு ஏற்கனவே விவசாயிங்க வரைக்கும் புழங்குது, அதுல உறைங்கிற சொல்லை எடுத்து "உறையிலி"ன்னு வெச்சுக்கலாம். எக்டியோகோலியாவுல மோனோஸ்டாக்கியாங்கிற இனமும் தானா வந்து உக்காந்துடுது, தண்டு நுனில ஒரே கதிர், அப்ப "ஒற்றைக்கதிர் உறையிலி". குடும்பத்துக்கு "உறையிலிக் குடும்பம்", முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் எக்டியோகோலியேசின்னும் போட்டுடறேன், தேடுறவங்களுக்கு மாட்டணும்ல.

இன்னொரு பேரினம் ஜார்ஜியாந்தா, 1998ல பிரிக்ஸும் ஜான்சனும் அலெக்ஸ் ஜார்ஜ்ங்கிற தாவரவியலாளர் பேர்ல வெச்சது. ஆள் பேரை மொழிபெயர்க்க முடியாது, அப்படியே விட்டுடறேன். சிக்கல் அதோட இனப் பேரான ஹெக்சாண்ட்ரால தான், ஆறு மகரந்தத்தாள்னு அர்த்தம். "அறுதாள்"னு சுருக்கினேன், அம்மா காதுல அது அரிதாளா விழுந்து, "அறுவடை முடிஞ்ச வயலா?"ன்னு கேக்கறாங்க. வேற யாராவது சொல்லுங்களேன்.