வீட்டு முகவரை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பெற்றோர் வாழ்ந்த தனி வீட்டை விற்று, அந்தப் பணத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்குவதென்று நானும் என் தம்பியும் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு வேலைகளையும் ஒரே முகவரிடம் ஒப்படைத்துள்ளோம். அவர் மரியாதையாகப் பழகுகிறார், கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விளக்கம் தருகிறார். ஆனாலும் என் மனம் அமைதி அடையவில்லை. எங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது, சந்தை மந்தமாக இருக்கிறது, வந்த விலைக்கு முடித்துவிடுவதே நல்லது என்கிறார். நாங்கள் வாங்கவிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசும்போது, விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்னொருவர் முன்பணத்துடன் காத்திருக்கிறார் என்கிறார். இரண்டு பேச்சுக்கும் முடிவு ஒன்றுதான்: உடனே கையெழுத்துப் போட வேண்டும். அவர் நேர்மையற்றவர் என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் தொடும் ஒரு காரியத்தில், முகவர் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:

நான் இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். முகவர்கள் மீதான அவநம்பிக்கையில் பாதி, அவர்களுடைய வேலை வெளியே தெரிவதில்லை என்பதால் வருவது. பத்திரம் பதிவாகும் நாளில் வந்து நின்று கமிஷன் வாங்குபவராகத்தான் பலர் அவரைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், வாங்கும் எண்ணமே இல்லாமல் பார்வையிட வந்தவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டியதும், வங்கிக் கடன் கிடைக்காது என்று தெரிந்தவரை முன்கூட்டியே விலக்கியதும், கோபத்தில் பேச்சை முறித்துக்கொண்ட இரு தரப்பையும் மறுபடி ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. விற்பனை முடியாவிட்டால் பெரும்பாலான முகவர்களுக்கு ஒரு காசும் கிடையாது.

சந்தையைப் பற்றி அவர் சொன்ன இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பழைய தனி வீட்டுக்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கும் வாங்குவோர் வேறு வேறு. ஒரே பகுதியில் ஒன்று தேங்கி நிற்க, மற்றொன்று விரைவாக விற்றுப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவருடைய குணத்தைச் சந்தேகிப்பதற்கு முன், அண்மையில் அதே பகுதியில் பதிவான விற்பனைகளின் விவரத்தைக் கேளுங்கள். விளம்பரத்தில் கேட்கப்படும் விலை வேறு, பதிவான விலை வேறு. நல்ல முகவர் இரண்டாவதைத்தான் எடுத்துக் காட்டுவார், அதுவும் தனக்குச் சாதகமில்லாத விற்பனைகளையும் சேர்த்து.

பதில் 2:

முதல் பதிலில் உள்ள உழைப்பைப் பற்றிய செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் குணம் நல்லதா கெட்டதா என்று கேட்பதோடு நின்றால், உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. நல்லவரையும் ஒரு பக்கமாகச் சாய்க்கக்கூடியது ஊதியம் அமைந்திருக்கும் விதம். வீட்டின் விலை நூறு பங்கு, கமிஷன் அதில் இரண்டு பங்கு என்று கொள்வோம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் விலை ஐந்து பங்கு கூடும் என்றால், உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அந்த ஐந்து பங்கும். முகவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு பங்கில் பத்தில் ஒன்று மட்டுமே. அதற்காக அவர் இரண்டு மாத விளம்பரச் செலவையும் அலைச்சலையும், பேரம் கைவிட்டுப் போகும் ஆபத்தையும் ஏற்க வேண்டும். இந்த நிலையில் "வந்த விலைக்கு முடித்துவிடுங்கள்" என்று அவர் மனமார நம்பியே சொல்லலாம்; அந்த நம்பிக்கை எந்தத் திசையில் சாயும் என்பதைக் கணக்கு முன்னரே தீர்மானித்துவிடுகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் அமெரிக்காவில் சிகாகோ புறநகர்ப் பகுதிகளில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முகவர்கள் தங்கள் சொந்த வீடுகளை விற்றபோது, அவற்றையொத்த பிறருடைய வீடுகளைவிட சுமார் 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள் என்றும், அதற்காகச் சராசரியாக 9.5 நாட்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்றும் அவர்கள் கண்டறிந்தனர். தம் வீட்டுக்குப் பொறுமை காட்டியவர்களே அடுத்தவர் வீட்டை விரைவில் முடிக்கச் சொன்னார்கள் என்பதுதான் இதன் பொருள். இதைப் பெரிய மோசடியாக நான் கருதவில்லை. 3.7 சதவீதம் என்பது கொள்ளையன்று, ஆனால் உங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகையும் அன்று.

இன்னொரு ஆய்வும் இங்கே பொருந்தும். அமெரிக்காவின் மேடிசன் நகரில், முகவர் வழியாக விற்கப்பட்ட வீடுகளையும் உரிமையாளர்கள் ஒரு தனி இணையதளம் வழியாகத் தாமே விற்ற வீடுகளையும் ஒப்பிட்டு, ஹெண்டல், நெவோ, ஒர்டாலோ-மாக்னே ஆகிய பொருளியலாளர்கள் மூவர் 2009-இல் எழுதியது அது. முகவர் வழி விற்றவர்களுக்கு விலையில் ஆதாயம் காணப்படவில்லை, ஆனால் வீடு விரைவாகவும் கூடுதல் உறுதியுடனும் விற்றது. முகவரிடம் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் விரைவையும் நிச்சயத்தையும்தான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவை மதிப்புள்ளவை, அவசரம் இருப்பவருக்கு அவற்றின் மதிப்பு இன்னும் பெரிது. எனவே வீட்டைப் பலருக்கும் கொண்டுசேர்ப்பதிலும் பேச்சுவார்த்தையை நடத்துவதிலும் அவரை நம்புங்கள். எந்த விலைக்கு இசைவது, எவ்வளவு நாள் பொறுப்பது என்ற இரண்டையும் நீங்களும் தம்பியும் தனியே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

பதில் 3:

சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் வாங்கவிருக்கும் வீட்டின் உரிமையாளரிடமிருந்தும் இதே முகவர் கமிஷன் பெறுகிறாரா? விலை கூட வேண்டும் என்பவருக்கும் குறைய வேண்டும் என்பவருக்கும் ஒரே ஆள் முழு விசுவாசத்தோடு பேச முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. அமெரிக்காவில் கொலராடோ, ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள், ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் முழுப் பிரதிநிதியாக இருப்பதை அனுமதிப்பதில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் பரிமாற்றத்தை நடத்திவைக்கும் பாத்திரத்தை மட்டுமே அங்கே ஏற்கலாம். பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டு எஸ்டேட் முகவர்கள் சட்டம், பேரத்தில் தமக்குச் சொந்த ஆதாயம் ஏதேனும் இருந்தால் முகவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்றும், கட்டண விவரத்தை வாடிக்கையாளர் ஒப்பந்தத்துக்குள் வருமுன்னரே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் வீட்டு முகவர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம், கமிஷன் தொடர்பான வழக்குகளில் 2024 மார்ச்சில் 418 மில்லியன் டாலருக்கு ஒரு சமரசத்தை அறிவித்தது. அதன் விளைவாக, விற்பனைக்கு வரும் வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும், சங்கத்தைச் சார்ந்த பட்டியல் முறையில் பங்கேற்பவர்கள் வாங்குபவருக்கு வீடு காட்டுமுன் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை நாடுகளின் சட்டங்களும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே இடத்துக்குத்தான்: யாருக்காக வேலை செய்கிறார், யாரிடம் பணம் வாங்குகிறார் என்பது வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் உரிமம் இருக்கிறது, பதிவு இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமை, அச்சட்டத்தின்கீழ் பதிவான கட்டுமானத் திட்டங்களில் உள்ள வீடு, மனைகளின் விற்பனையைச் சார்ந்தது. பழைய வீடு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

ஆவணங்களின் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வில்லங்கம் இருக்கிறதா, வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா, கட்டட அனுமதிக்கும் கட்டியிருப்பதற்கும் பொருத்தம் உண்டா, அடமானம் தீர்க்கப்பட்டதா என்பவற்றை, பேரம் முடிந்தாலும் முறிந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். முகவர் அறிமுகப்படுத்தும் வழக்கறிஞர் வேண்டாம். அவர் திறமையற்றவர் என்பதல்ல காரணம். அடுத்த வேலையும் அதே முகவரிடமிருந்து வரவேண்டியிருப்பவருக்கு "இந்த வீடு வேண்டாம்" என்று சொல்வது கடினம்.

பதில் 4:

மேலே உள்ள மூவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். "இன்னொருவர் காத்திருக்கிறார்" என்ற ஒன்றைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அது உண்மையா என்று கண்டறிய முயல்வது வீண். உங்களால் கண்டறிய முடியாது. உண்மையாக இருந்தாலும் உங்கள் முடிவு மாறக் கூடாது என்ற நிலையில் இருப்பதே வழி. வீட்டைப் பார்க்கச் செல்லுமுன்பே மேல்வரம்பு விலையைத் தாளில் எழுதி வையுங்கள். அதை முகவரிடம் சொல்லாதீர்கள். முன்பணம் கொடுக்க வேண்டி வந்தால், ஆவணச் சரிபார்ப்பில் குறை தென்பட்டால் அது முழுமையாகத் திரும்ப வரும் என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே கொடுங்கள். முகவர் இந்த நிபந்தனையைத் தானே முன்வந்து எழுதித் தருவாரானால், அவரைப் பற்றி உங்களுக்கு வேண்டிய பெரும்பகுதி தெரிந்துவிடும்.

விற்கும் வீட்டை வேறு முகவரிடம் கொடுக்கக் கூடாது என்ற தனி உரிமை ஒப்பந்தத்தை அவர் கேட்டால், கால வரம்பு போட்டுக் கொடுக்கலாம். ஒருவருக்கே பொறுப்பு இருந்தால் அவர் உழைப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் காலம் முடிந்தபின் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வாசகம் அதில் இருந்தால், கையெழுத்துக்கு முன் அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள்.