தன்னிறைவான தோட்ட வாழ்வுக்கு யாழ்ப்பாணத்தில் எந்தப் பகுதியில் காணி வாங்கலாம்?

ஊர் திரும்புபவர்:
வணக்கம். கொழும்பில் நீண்ட காலம் உத்தியோகம் பார்த்த நானும் மனைவியும் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பி, வீட்டுக்குத் தேவையான மரக்கறி, பழம், பால், முட்டை ஆகியவற்றை இயன்றவரை எங்கள் காணியிலேயே பெற்று வாழ எண்ணியிருக்கிறோம். 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர் அளவில் மூன்று காணிகளைப் பார்த்தோம். ஒன்று உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காணி. மற்றொன்று கொடிகாமத்துக்கு அருகே தென்னையும் மாவும் நிற்கும் மணற்காணி. மூன்றாவது வேலணையில், விலை மிகக் குறைவு. ஒரு பகுதி இத்தகைய வாழ்வுக்கு ஏற்றதா என்பதை எவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

நீர்வேலித் தோட்டக்காரர்:
ஐயா, மண்ணைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கும் நன்னீர்தான் நம் எல்லோருக்கும் முதல். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே அளவு மீறி இறைத்து மேல்மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும் அடியிலுள்ள உவர் பன்மடங்கு மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே அதற்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது.

ஆதலால் காணியை மாரியில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அப்போது எல்லாக் கிணறும் நல்ல கிணறாகவே தெரியும். ஆவணி, புரட்டாதியில் வந்து, இறைக்கத் தொடங்குமுன் ஒரு போத்தலிலும், மூன்று மணி நேரம் இறைத்தபின் இன்னொரு போத்தலிலும் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை இரண்டிலும் சோதிப்பியுங்கள். இரண்டாவது கணிசமாகக் கூடியிருந்தால், அந்தக் கிணற்றை நம்பி வெங்காயமோ போஞ்சியோ வைக்க முடியாது. அவை உவரை மிகக் குறைவாகவே தாங்கும். தென்னையும் பீற்றூட்டும் அதைவிடத் தாங்கும்.

உரும்பிராயும் அடங்கும் எங்கள் வலிகாமத்துக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்லாண்டுகளாக இட்ட உரமும் நெருக்கமாக அமைந்த மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றை உயர்த்தியுள்ளன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இது மிகவும் பாரதூரமானது. செம்மண் வளமானதுதான், ஆனால் தண்ணீரை விரைவாக உள்ளிழுத்துவிடும், சில இடங்களில் இரண்டு அடியிலேயே கல் தட்டும். நான்கு மூலையிலும் குழி வெட்டிப் பாருங்கள்.

மட்டுவில் வாசகி:
தோட்டக்கார அண்ணா சொன்ன தண்ணீர்ச் சோதனை, கொடிகாமம் அடங்கும் எங்கள் தென்மராட்சிக்கும் பொருந்தும். கடனீரேரிப் பக்கமாக அரை மைல் நகர்ந்தாலே தண்ணீர் உவராக மாறும் இடங்கள் இங்கு உண்டு. இருப்பினும், வருமானத்துக்கன்றி வீட்டுத் தேவைக்காகவே செய்கை பண்ணும் ஒரு குடும்பத்துக்குக் கொடிகாமக் காணியே என் தெரிவு. காய்க்கும் நிலையிலுள்ள தென்னை, மா, பலா என்பன வாங்கும் நாளிலேயே கிடைக்கின்றன. புதிதாக நட்டால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மணலுக்குச் சேதனப் பொருள் போதாது என்பது உண்மை. அதற்கு எங்கள் முன்னோர் கண்ட வழிகளான குழை தாழ்த்தலும் (பச்சிலைகளை மண்ணில் புதைத்தல்) பட்டி அடைத்தலும் (எருவுக்காக ஆடுமாடுகளை இரவில் காணியில் அடைத்தல்) இன்றும் பயன் தருகின்றன. வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் நட்டால், குழையும் ஆட்டுத் தீனும் வெளியில் வாங்க வேண்டியிராது.

வேலணையை ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். தரவை எனப்படும் திறந்த மேய்ச்சல் நிலம் இருப்பதால் மாடு, ஆடு வளர்ப்புக்கு அது நல்லது. ஆனால் தோட்டத்தை நம்பிச் செல்வதாயின் கோடையில் குடிதண்ணீருக்கே தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியைப் பார்த்திருக்க நேரிடுமா என்று அயலவரிடம் கேட்டபின்னரே முற்பணம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தை, வாசிக்காமல் எந்தப் பகுதியையும் மதிப்பிட முடியாது. இங்கு பல தோட்டக் கிணறுகள் பங்குக் கிணறுகள். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த நாள் முறை, வழி வாய்க்கால் பாத்தியதை உண்டா என்பன உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது. காணி பிரிக்கப்படாத பங்காயின், தேசவழமையின்படி மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு என்பதால், அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். ஒரு பகுதி நெற்காணியாக இருந்தால், அதை நிரவி வீடு கட்ட 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

ஊர் திரும்புபவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உரும்பிராய்க் காணியின் உறுதியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு என்றே இருக்கிறது. புரட்டாதியில் வந்து கொடிகாமக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பதென முடிவு செய்துள்ளோம்.

நீர்வேலித் தோட்டக்காரர்:
நல்லது ஐயா. அயல் தோட்டங்களிலும் இறைப்பு நடக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். கிணற்றின் உண்மையான நிலை அன்றுதான் தெரியும்.