கதையில்லாத பாலே: மூன்று படைப்புகளுள் ஒன்று மட்டும் ஏன் எல்லோரையும் கட்டிப்போட்டது?

கேள்வி: கல்பாத்தி வாசகர்

பாலக்காட்டில் எங்கள் நண்பர் குழு அவ்வப்போது ஒரு வீட்டு மாடியில் கூடி, பதிவுசெய்யப்பட்ட ஆடல் நிகழ்ச்சிகளைத் திரையிட்டுப் பார்ப்பது வழக்கம். இம்முறை ஐரோப்பிய அரங்குகளில் ஒரே மாலையில் பல சிறு படைப்புகளைத் தொகுத்து வழங்கும் முறையைப் பின்பற்றி, தற்கால பாலே மூன்றை அடுத்தடுத்துப் பார்த்தோம். மூன்றும் வெவ்வேறு நடன அமைப்பாளர்களுடையவை: முதலில் யிர்ஷி கிலியானின் ‘பெத்தீத் மோர்’, அடுத்து வில்லியம் ஃபோர்சைத்தின் ‘இன் த மிடில், சம்வாட் எலிவேட்டட்’, இறுதியாக அகதிகளைப் பற்றிய கிரிஸ்டல் பைட்டின் ‘ஃப்ளைட் பேட்டர்ன்’.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கதகளியும் பரதமும் பார்த்துப் பழகியவர்கள். கிலியானின் படைப்பை முகமலர்ச்சியோடு பார்த்தார்கள். ஃபோர்சைத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே பாதிப்பேர் காப்பிக்காகக் கீழே இறங்கிவிட்டார்கள். இருந்தவர்களும் இது உடற்பயிற்சியா, ஆடலா என்று முணுமுணுத்தார்கள். பைட்டின் அகதிகளைக் கண்டபோதோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதையோ பதமோ இல்லாத ஆடலை ரசிக்க நமக்குப் பயிற்சி போதவில்லையா, அல்லது ஃபோர்சைத்தின் படைப்பே பார்வையாளரைப் பொருட்படுத்தாத ஒன்றா என்பதே என் கேள்வி. இப்படைப்புகளை அரங்கில் நேரில் பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: சித்தூர்ப்புழை

ஐயா, கதை இல்லாததுதான் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்கத்துக் கோயில்களில் செண்டை மேளமான தாயம்பகை நடக்கும்போது, மெதுவான பதிகாலத்தில் தொடங்கி விரைவான இரிகிட வரை ஒரு கூட்டமே நின்றபடி விரலால் தாளமிட்டுக் கேட்கிறது; அங்கே என்ன கதை இருக்கிறது? பரதத்தில் பாடல் வரிகளற்ற ஜதிஸ்வரத்துக்குப் பொருள் என்னவென்று யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அடிப்படை அசைவுகளான அடவுகள் நமக்குத் தெரியும்; எங்கே இலக்கணம் காக்கப்படுகிறது, எங்கே வேண்டுமென்றே மீறப்படுகிறது என்பதைக் கண் தானாகவே பிடித்துக்கொள்கிறது.

ஃபோர்சைத்தின் இப்படைப்பு முழுக்க முழுக்க அத்தகைய மீறலால் ஆனது. பாரிஸ் ஓபரா பாலேயின் இயக்குநராக ருடால்ஃப் நூரியெவ் இருந்த காலத்தில், 1987இல், அக்குழுவுக்காகவே அது உருவாக்கப்பட்டது. முதன்முதலில் ஆடியவர்களுள் அப்போது 22 வயதான சில்வி கிலெமும் ஒருவர். செவ்வியல் பாலேயில் உடலுக்கு நடுவே ஒரு செங்குத்துக் கோடு இருப்பதாகக் கொண்டு, அதைச் சுற்றியே எல்லாம் சமநிலையில் நிற்கும். இங்கே பெண் ஒருத்தி ஒரு காலின் முனையில் நின்றுகொண்டு இடுப்பை அக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளிவிடுகிறாள். அவள் கையைப் பிடித்திருப்பவன் எதிர்த்திசையில் இழுக்கிறான். விழ வேண்டிய உடல் அந்த இழுவிசையால் மட்டுமே நிற்கிறது. ஆடி முடித்தவர்கள் தெருவில் போகிறவர்களைப் போல அலட்சியமாக நடந்து ஓரத்துக்குச் செல்கிறார்கள், பிறகு முன்னறிவிப்பு எதுவுமின்றி மறுபடி பாய்கிறார்கள். மேலே தொங்கும் பொன்னிறச் செர்ரிப் பழங்கள் இரண்டைத் தவிர மேடையில் வேறு எந்த அலங்காரமும் கிடையாது. அடவு தெரியாதவருக்கு இது வெறும் உதையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

மறுமொழி 2: புளியரைக்காரர், லண்டன்

‘ஃப்ளைட் பேட்டர்ன்’ படைப்பை லண்டன் கோவன்ட் கார்டனில் நேரில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ராயல் பாலே 2017இல் அரங்கேற்றிய அப்படைப்பிலும் கதை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. 36 பேர் கனத்த மேலங்கிகளோடு நெருக்கமாக வரிசையில் நிற்கிறார்கள், ஒரே மூச்சாகச் சாய்கிறார்கள், நிமிர்கிறார்கள், பிறகு ஒருத்தியின் கைகளில் அந்த அங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. பின்னணியில் ஒலிப்பது ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்ஃபொனியின் முதல் பகுதி. மிகத் தாழ்ந்த தந்திகளில் தொடங்கும் ஓர் இழை, அதையே பின்தொடரும் மற்றோர் இழை என்று மெல்ல மெல்ல உயர்ந்து, நடுவே மகனை இழக்கும் மரியாளின் புலம்பலாக ஒரு பெண்குரல் எழுகிறது. 15ஆம் நூற்றாண்டுப் போலந்து மொழிப் பாடல் அது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு அதன் சொற்கள் விளங்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கிரிஸ்டல் பைட் 1996 முதல் சில ஆண்டுகள் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் பாலேயில் ஆடியவர். உங்கள் நண்பர்கள் எழுந்து போன படைப்பும் அவர்களைக் கட்டிப்போட்ட படைப்பும் ஒரே பட்டறையோடு தொடர்புடையவை. உடலின் ஒரு மூட்டிலிருந்து அசைவைத் தொடங்கி அதை உடல் முழுவதும் பரவவிடுவது, சமநிலையைக் கடைசி நொடிவரை ஒத்திப்போடுவது ஆகிய பழக்கங்கள் இரண்டிலும் இருக்கின்றன. ஒன்றில் அவை வெளிப்படையாக நிற்கின்றன, மற்றதில் துயரத்தின் பின்னால் மறைந்திருக்கின்றன. என்னைக் கேட்டால், அகதிகள் என்ற செய்தியே பைட்டுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பேன். ஃபோர்சைத்துக்கு அந்த வசதி இல்லை.

மேலும், திரையில் அதிகம் இழப்பதும் ஃபோர்சைத்தான். மேடையின் மூன்று மூலைகளில் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்டம் நடக்கும்போது, எதைப் பார்ப்பது என்பதை ஒளிப்பதிவாளர் நமக்காக முடிவு செய்துவிடுகிறார். அப்படைப்புக்கு இசையமைத்த தாம் வில்லெம்ஸின் மின்னிசையோ நெஞ்சில் அறைய வேண்டிய ஒன்று. சிறிய ஒலிபெருக்கியில் அது இரைச்சலாக மட்டுமே மிஞ்சும்.

மறுமொழி 3: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

தாயம்பகை பற்றிச் சித்தூர்ப்புழை எழுதியது பொருத்தமானதே. ஆயினும் அதைக் கேட்கும் காது நமக்குச் சிறுவயதிலிருந்தே வாய்த்தது. ஒரு மாலைப் பொழுதுக்கு வந்த முதியவர்களிடம் பாலேயின் இலக்கணத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதற்கு மாறாக, வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ஃபோர்சைத்தை முதலில், கண் களைப்படையாத நேரத்தில் வையுங்கள். பைட்டின் படைப்பு எந்த இடத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

கிலியானைப் பற்றி இங்கே ஒருவரும் பேசாதது எனக்குக் குறையாகவே படுகிறது. மொட்சார்ட்டின் இருநூறாம் நினைவாண்டான 1991இல் சால்ஸ்பர்க் விழாவுக்காகச் செய்யப்பட்ட அப்படைப்பில், ஆறு ஆண்களும் ஆறு பெண்களும் ஆறு வாள்களும், மொட்சார்ட்டின் இரு பியானோ கான்செர்ட்டோக்களின் மெதுவான பகுதிகளும் மட்டுமே. பெண்கள் அணிந்திருப்பதாக நாம் நம்பிய கறுப்பு கவுன்கள் ஆளில்லாமல் தாமாகவே சக்கரத்தில் உருண்டு போகும்போது எல்லோரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் கதை தேவைப்படவில்லை என்பதை உங்கள் நண்பர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், ஐயா.