கோவில் சங்க நிலத்துக்கு இலவசமா டவுன் பிளானர் உதவி கிடைக்குமா? (டோங்காட்)

டோங்காட்_கமிட்டி
வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கம் டோங்காட்ல இருந்து எழுதுறேன். எங்க கோவில் சங்கத்துக்கு ஒரு பழைய தமிழ் பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கு, 1950கள்ல தாத்தாமாரு கட்டினது, இப்ப வெள்ளிக்கிழமை தேவாரம் கிளாஸ் தவிர அங்க ஒண்ணும் நடக்கல. வயசானவங்களுக்கு பகல் நேர சென்டரும் சின்னப் பிள்ளைங்களுக்கு கிரெஷ்ஷும் (பகல் காப்பகம்) வைக்கலாம்னு மீட்டிங்ல முடிவாச்சு, அப்புறம்தான் தலைவலியே. காவடிக்கு அண்டா வச்சு சமைக்கிற சிமெண்ட் மேடையில பாதி கவுன்சில் (மாநகராட்சி) நிலமாம், எல்லையைக் காட்டுற சர்வே ஆணி மேடைக்கு இந்தப் பக்கம் வாழை மரத்தடியில துருப்பிடிச்சுக் கிடக்கு. அதுக்குக் கீழ ஓடை, 2022 ஏப்ரல் வெள்ளத்துல கரை நல்லா அரிச்சிருச்சு. ஒரு கன்சல்டன்ட் கேட்ட ஃபீஸ் எங்க தேர்த்திருவிழா பட்ஜெட்டை விட ஜாஸ்தி. இன்னொருத்தர் ஃப்ரீயா பண்ணித் தரேங்கிறாரு, ஆனா பக்கத்து நிலத்துல டவுன்ஹவுஸ் கட்டப் போற பார்ட்டிக்கும் அவருதான் வேலை பாக்குறாரு. காசு வாங்காம உதவற ஆளுங்க இருக்காங்களா, இருந்தா எந்த அளவுக்கு நம்பலாம்?

சாட்ஸ்வர்த்_தாத்தா
தம்பி, அந்த இரண்டாவது ஆளை விட்டுருங்க. நல்லவராவே இருக்கலாம், ஆனா உங்க கட்டடத்துக்கு எதிரா பக்கத்து நிலத்துக்காரன் ஆட்சேபம் எழுதினா அவரு யார் பக்கம் நிப்பாரு?
ஆளைத் தேடுறதுக்கு முன்னாடி பேப்பரைத் தேடுங்க. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ்ல டைட்டில் டீட் (நிலப் பத்திரம்) காப்பி, சர்வேயர்-ஜெனரல் டயக்ராம் (நிலத்தை அளந்த அரசு வரைபடம்), இதெகுவினி கவுன்சில்ல, அதான் டர்பன் மாநகராட்சியில, ஜோனிங் சர்டிபிகேட் (நிலத்தை எதுக்கு உபயோகிக்கலாம்னு சொல்றது), இந்த மூணும் கைல இல்லாம எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் சும்மா டீ குடிச்சிட்டுப் போக வேண்டியதுதான். ஜோனிங் சரியா இருந்தாலும் டீட்ல வேற கண்டிஷன் இருக்கலாம், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். 60 வருஷத்துக்கு மேலான கட்டடம்னா இடிக்கவோ மாத்தவோ அமாஃபா (மாகாணப் பாரம்பரியக் கட்டடங்களைப் பாக்குற அமைப்பு) பர்மிட்டும் வேணும், உங்களுது அதைத் தாண்டிருச்சு.

ஜோபர்க்_மீனா
அண்ணா, அமெரிக்கால அர்பன் லேண்ட் இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு, 1936ல ஆரம்பிச்சது. கவுன்சிலோ என்பிஓவோ (லாப நோக்கில்லாத அமைப்பு) கேட்டா பிளானர், ஆர்க்கிடெக்ட், ஃபைனான்ஸ் ஆளுன்னு ஒரு சின்ன குழு சம்பளம் இல்லாம வந்து ஒண்ணு ரெண்டு நாள் இடத்தைச் சுத்திப் பாத்து, ஊர்க்காரங்ககிட்ட பேசி, கடைசியில ரிப்போர்ட் குடுக்கும். ஏற்பாட்டுச் செலவுக்கு மட்டும் கூப்பிட்டவங்க ஏதாவது கட்ட வேண்டியிருக்கும். அந்த நிலத்துல லாபம் பாக்கப் போற ஆளை குழுவுல சேர்க்க மாட்டாங்க, தாத்தா சொன்னதும் அதேதான். அப்படியே அச்சு அசலா நம்ம ஊர்ல எதிர்பார்க்காதீங்க. இங்க ஜோபர்க்ல பிளானாக்ட்ங்கிற அமைப்பு 1985ல இருந்து ஏழை ஏரியாக்களுக்கு உதவுது. உங்க பக்கம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல பில்ட் என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் இருக்கு, ஆனா அவங்க கவனம் பெரும்பாலும் வீட்டுப் பிரச்சனை. டர்பன்ல யூகேஇசட்என் (குவாசுலு-நடால் பல்கலைக்கழகம்) ஹோவர்ட் காலேஜ்ல பிளானிங் டிபார்ட்மென்ட்டையும் கேட்டுப் பாருங்க, மாணவர்களுக்கு நிஜமான இடம் கிடைச்சா பிடிக்கும்.
போய் 'எங்களுக்கு உதவுங்க'ன்னு நிக்காதீங்க. 'இந்த இடத்துல கிரெஷ் வைக்க முடியுமா, முடியாதுன்னா எது தடுக்குது'ன்னு ஒரே கேள்வியா எழுதிக் குடுங்க.

ஃபீனிக்ஸ்_ராஜா
ஃப்ரீ ஃப்ரீன்னு எல்லாரும் சொல்றீங்க, அட்வைஸ் ஃப்ரீ, கையெழுத்து ஃப்ரீ இல்ல. அப்ளிகேஷன் போட சாக்பிளான்ல (பிளானர்களைப் பதிவு பண்ற கவுன்சில்) பதிஞ்ச பிளானர் கையெழுத்து கேப்பாங்க, நிலத்தை அளக்க லேண்ட் சர்வேயர், ஓடைக்கு 100 வருஷ வெள்ளக் கோடு (நூறு வருஷத்துல ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம் எது வரைக்கும் ஏறும்னு காட்டுறது) போட இன்ஜினியர், இதுக்கெல்லாம் காசு வச்சே ஆகணும். வெள்ளக் கோட்டை முதல்ல பாருங்க, டோங்காட்ல தண்ணி சுத்திகரிப்பு ஸ்டேஷனையே அந்த வெள்ளம் அடிச்சிட்டுப் போய் பல மாசம் குழாயில தண்ணி இல்லாம கிடந்தோமே, அங்க போய் பிள்ளைங்களைத் தூங்க வைக்கலாமா? கோடு கட்டடத்துக்குள்ள வந்தா மத்த பேச்சே வேண்டாம்.
இன்னொண்ணு, கோவிலுக்கு இப்ப ரேட்ஸ் (சொத்து வரி) விலக்கு இருக்கும், அது வழிபாட்டுக்குத்தான். கிரெஷ் ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சா அந்தப் பகுதிக்கு என்ன ஆகும்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. கிரெஷ் பதிவும் 2022ல இருந்து பேசிக் எஜுகேஷன் டிபார்ட்மென்ட்கிட்ட போயிருச்சு, பழைய ஆபீஸ் வாசல்ல போய் வரிசையில நிக்காதீங்க.

டோங்காட்_கமிட்டி
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டீட் காப்பி வந்துருச்சு, 'கல்வி நோக்கத்துக்கு மட்டும்'னு ஒரு வரி இருக்கு! கிரெஷ் கல்விதானேன்னு தலைவர் சொல்றாரு, முதியோர் சென்டரை என்ன பண்றது? மேடைப் பிரச்சனையும் அப்படியே நிக்குது.

சாட்ஸ்வர்த்_தாத்தா
அந்த வரியை எடுக்க ஸ்ப்ளூமா சட்டத்துல, அதான் நிலப் பயன்பாட்டுக்கான 2013 சட்டம், வழி இருக்கு, தனியா மனு போட்டு நோட்டீஸ் விட்டு ஆட்சேபம் கேக்கணும், மாசக் கணக்குல இழுக்கும். தலைவர் சொல்றதை நம்பி ஆரம்பிக்காதீங்க, கிரெஷ் கல்வியான்னு ஒரு வக்கீல் எழுதிக் குடுக்கட்டும். யூகேஇசட்என் லா கிளினிக்ல கேட்டுப் பாருங்க, அவங்க எடுக்கலைன்னாலும் யாரைப் பாக்கணும்னு சொல்லுவாங்க. மேடைக்கு கவுன்சில்கிட்ட லீஸ் கேட்டு இப்பவே கடிதம் போடுங்க, கவுன்சில் நிலத்தை ஆபீசர் ஒருத்தரா வாயால குடுக்க முடியாது, முனிசிபல் ஃபைனான்ஸ் சட்டப்படி முறையான ஒப்புதல் வேணும். அது வரைக்கும் அந்த மேடைக்கு மேல கூரை கீரை போட்டுறாதீங்கப்பா.