ஸ்கைரிம்: ஃபாஸ்ட் டிராவல் தொடாம ஆடினா எந்தப் பயணங்கள் மறக்க முடியாதவை?

மலைப்பாதை:
ஸ்கைரிம் கேமோட ஸ்பெஷல் எடிஷன், லெவல் 18. ஒரு கை வாள், லைட் ஆர்மர், கூட ஒரு வில். மெயின் குவெஸ்ட்டில் ஹை ஹ்ரோத்கார் மலை மடம் ஏறி, கத்தலையே மந்திரமாக்குற கிரேபியர்ட்ஸ் துறவிகளைப் பார்த்ததோட நிறுத்தி வச்சிருக்கேன். ஃபாஸ்ட் டிராவல் (மேப்ல இடத்தைத் தேர்ந்ததும் அங்க போய்ச் சேர்றது) கிடையாதுன்னு விதி வச்சு ஆடறேன். நடை, குதிரை, நகர வாசல்ல நிக்கிற வண்டி, அவ்வளவுதான். இப்படி ஆடினா எந்தப் பயணம் மனசுல நிக்கும்? "பிளாக்ரீச் போங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. எங்க தொடங்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும், எங்க சிக்கும்னு சொல்லுங்க. ஸ்பாய்லர் வந்தாலும் பரவாயில்லை.

வெண்ணந்தை:
ஒரே வரியில சொல்ல வேண்டாம்னுட்டீங்க, ஆனா பதில் பிளாக்ரீச்தான் ப்ரோ. 2011ல கேம் வந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும், பூமிக்கடியில இவ்வளவு பெரிய இடம் இருக்கும்னு தெரியாம உள்ள இறங்குற அந்த நிமிஷத்துக்கு ஈடே இல்லை. முழுசா எழுதறேன்.

தொடக்கம் வின்டர்ஹோல்ட். ஏதாவது பெரிய நகர வாசல்ல இருந்து வண்டி பிடிச்சா இறக்கி விட்டுடுவான். ஆனா வின்டர்ஹோல்ட்ல திரும்பி வர வண்டி கிடையாது, அதனால வெளியே வர வழியை முன்னாடியே யோசிச்சு வச்சுக்கணும். கல்லூரிக்கு வடக்கே கடல்ல பனிப்பாறைகளைத் தாண்டிப் போனா செப்டிமஸ் சிக்னஸ்ங்கிற அறிஞரோட குகை. அவர்கிட்ட பேசினா அட்யூன்மென்ட் ஸ்பியர் (சாவி மாதிரி ஒரு உருண்டை), எழுத்தில்லாத லெக்ஸிகன் (அறிவைப் பதிக்கிற பெட்டி), ரெண்டும் தருவார். இந்த ஸ்பியர் இல்லாம, பிளாக்ரீச்சுக்கு இறங்கற ஆல்ஃப்டண்ட் இடிபாட்டோட அடிவரைக்கும் சண்டை போட்டுப் போனாலும் கதவு திறக்காது, மொத்தப் பயணமும் வீண். நிறைய பேர் சிக்குறது இங்கதான்.

அடுத்து வின்டர்ஹோல்டுக்குத் தென்மேற்கே ஆல்ஃப்டண்ட். சமையலுக்கு: முட்டைக்கோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி, ஒவ்வொண்ணும் ஒண்ணு போட்டா ஒரு வெஜிடபிள் சூப். 720 வினாடிக்கு, வினாடிக்கு 1 ஹெல்த், 1 ஸ்டாமினா ஏறும். பவர் அட்டாக் அடிக்க ஸ்டாமினா துளி இருந்தாலே போதும்ங்கிறதால, வாள் வச்சு ஆடற உங்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. அஞ்சாறு கிண்ணம் செஞ்சு எடுத்துக்கோங்க. ஒரு பிக்ஆக்ஸும் வேணும், கீழ ஜியோட் பாறைகளை வெட்டினா சோல் ஜெம் (ஆயுதத்துக்கு மந்திர சக்தி ஏத்தற கல்) கிடைக்கும். வில்லுக்கு விஷம் தடவற பழக்கம் இருந்தா அதை ட்வெமர்ங்கிற பழைய இனம் விட்டுப்போன இயந்திரங்கள் மேல வீணாக்காதீங்க, அதுங்களுக்கு விஷம் ஏறாது. கீழ வாழற ஃபால்மர்ங்கிற எதிரிகளுக்குக் கண் தெரியாது, காதுதான் எல்லாம். காலடிச் சத்தத்தை அடக்குற மஃபிள் மந்திரமோ மஃபிள் போட்ட பூட்ஸோ இருந்தா பாதி சண்டையைத் தவிர்க்கலாம்.

ஆல்ஃப்டண்ட் கடைசி அறையில சென்சூரியன்ங்கிற பெரிய இயந்திரத்தைத் தாண்டினதும் சுல்லா, உமானான்னு ரெண்டு பேர் சண்டைக்கு நிப்பாங்க. வாளை உருவிக்கிட்டு ஓடாதீங்க. ஒதுங்கி நின்னா ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்குவாங்க, மிஞ்சுறவரை மட்டும் பார்த்துக்கிட்டா போதும். அவங்களுக்குப் பின்னாடி இருக்கிற இயந்திரத்துல ஸ்பியரை வச்சா தரை படிப்படியா உள்ள இறங்கும். அதுதான் வாசல்.

உள்ள போனதும் பக்கத்துலயே சின்டேரியன்ங்கிற ரசவாதியோட ஆய்வுக்கூடம் வரும். அவர் எலும்புக்கூடு கிட்ட இருக்கிற குறிப்பேட்டைப் படிங்க, 30 சிவப்பு நிர்ன்ரூட் செடி சேர்க்கிற வேலை தொடங்கும். தேவையை விட அதிகமாவே அங்க முளைச்சிருக்கு. தேட எளிய வழி: செட்டிங்ஸ்ல மியூசிக்கை பூஜ்யம் ஆக்கிடுங்க. செடி ரீங்காரம் போடறது தெளிவா கேட்கும், சத்தம் கூடற பக்கம் நடந்தா போதும். 30 சேர்ந்ததும் ரிஃப்டனுக்கு மேற்கே சரேத்தி பண்ணையில கொடுக்கணும். அதுக்கப்புறம் நீங்க காய்ச்சற மருந்து ஒவ்வொண்ணும் இரட்டையா வர 25% வாய்ப்பு நிரந்தரமா கிடைக்கும்.

இந்தப் பயணத்தோட இலக்கான எல்டர் ஸ்க்ரோல் (பழைய மந்திரச் சுருள்) இருக்கிறது தென்மேற்கு மூலையில, ம்ஸார்க் கோபுரத்துல. மேடையில லெக்ஸிகனை வச்சிட்டு பொத்தான்களைக் கண்டபடி அழுத்தாதீங்க. வலப்பக்கம் இருந்து ஆரம்பிச்சு, ஒளிர்ற பொத்தானை மட்டும், அடுத்த இடப்பக்கப் பொத்தான் ஒளிர்ற வரைக்கும் அழுத்திக்கிட்டே போகணும். கடைசி இடப்பக்கப் பொத்தானை அழுத்தினா கண்ணாடிக் கூடு திறக்கும். ஸ்க்ரோலை எடுத்த கையோட லெக்ஸிகனையும் எடுத்துக்கோங்க. மறந்தா செப்டிமஸ்கிட்ட கொடுக்க எதுவும் இருக்காது.

வெளியே வர மூணு பெரிய லிஃப்ட் இருக்கு: ஆல்ஃப்டண்ட், ம்ஸின்சலெஃப்ட், ரால்ட்ப்தார். மேல இருந்து பூட்டியிருக்கும், உள்ள இருந்து ஏறிப் போய் லீவர் இழுத்துத் திறந்துட்டா பிறகு எப்ப வேணா அதே வழியில இறங்கலாம். செப்டிமஸ்கிட்ட உடனே போகணும்னா ஆல்ஃப்டண்ட் லிஃப்ட். மூட்டை கனமா இருந்தா ரால்ட்ப்தார்ல ஏறுங்க, கிழக்கே நடந்தா விண்ட்ஹெல்ம், அங்க வண்டி உண்டு.

செம்புலம்:
மேலே சொன்னதில் மூட்டை விஷயத்தை மட்டும் விரிக்கிறேன், பயணம் கெடுவது பெரும்பாலும் அதனால்தான். ட்வெமர் உலோகம் எல்லாமே உருகாது. பல்சக்கரம் பத்து எடை, உருக்கவே முடியாது, விட்டுவிடுங்கள். 'சாலிட் ட்வெமர் மெட்டல்' 25 எடைக்கு 5 கட்டிதான் தரும். 'பென்ட் ஸ்க்ராப்' வெறும் 2 எடை, 3 கட்டி தரும். ஆகவே வளைந்த துண்டுகளை மட்டும் பொறுக்கினாலே ஸ்மிதிங்குக்கு (ஆயுதம், கவசம் செய்ய) போதுமானது கிடைத்துவிடும்.

மலைப்பாதை:
ரொம்ப நன்றி, இந்த அளவு விவரம்தான் வேணும். பிளாக்ரீச் நடுவுல தொங்குற ஆரஞ்சு விளக்கைப் பத்தி ஏதோ கேள்விப்பட்டேன், அது என்ன?

வெண்ணந்தை:
சைலன்ட் சிட்டிங்கிற பாழடைஞ்ச நகரத்துக்கு மேல சூரியன் மாதிரி தொங்குதே, அதைத்தானே கேட்கிறீங்க. அதைக் குறிபார்த்து அன்ரிலென்டிங் ஃபோர்ஸ் (எதிரியைத் தள்ளி வீசற மந்திரக் கத்தல்) கத்தினா வுல்தூரியோல்ங்கிற டிராகன் வரும். எந்தக் குவெஸ்ட்டும் இதைச் சொல்லித் தராது, அதுதான் இதோட அழகு. மூணு சொல்லும் சேர்ந்த முழுக் கத்தலா இருக்கட்டும். உங்ககிட்ட இப்ப ரெண்டு சொல்தான் இருக்கும். மூணாவது வேணும்னா கிரேபியர்ட்ஸ் கேட்கிற கொம்பைத் தேடி உஸ்டென்க்ரேவ் கல்லறைக்குப் போய், அது இருக்க வேண்டிய இடத்துல கிடைக்கிற சீட்டைப் பின்தொடர்ந்து ரிவர்வுட்ல கொம்பை வாங்கி, கிரேபியர்ட்ஸ்கிட்ட திருப்பிக் கொடுக்கணும். அதை முடிச்சிட்டு பிளாக்ரீச் இறங்குங்க. இல்லைன்னா அந்த விளக்கைப் பார்த்துட்டுச் சும்மா திரும்ப வேண்டியதுதான்.

கத்தறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிட்டு, மறைய ஒரு சுவரோ தூணோ பக்கத்துல இருக்கிற இடமா நில்லுங்க. டிராகன் வந்ததும் நகர்ல இருக்கிற ஃபால்மரும் அதோட மோதுவாங்க. அந்தக் குழப்பத்துல தள்ளி நின்னு வில்லை வச்சே நிறைய வேலையை முடிச்சிடலாம்.

கொன்றை:
விண்ட்ஹெல்மை யாரும் சொல்லலையே. 'பிளட் ஆன் தி ஐஸ்' மாதிரி துப்புத் துலக்கற குவெஸ்ட் இந்த கேம்ல அபூர்வம், ஆனா இதைப் போல பக் (கேம் பிழை) உள்ளதும் அபூர்வம். தொடங்க நகருக்குள்ள சில தடவை போய் வந்திருக்கணும். நாலாவது நுழைவுல, சாயங்காலம் 7 மணியில இருந்து காலை 7 மணிக்குள்ள, கல்லறைப் பக்கம் போனா சூசன்னாங்கிற சத்திரப் பணிப்பெண்ணோட உடலைச் சுத்திக் கூட்டம் நிக்கும். அவங்க அதுக்கு முன்னாடியே வேற ஏதாவது காரணத்தால செத்துட்டா குவெஸ்ட் வராது. அதனால விண்ட்ஹெல்ம் தெருவுல சண்டை இழுக்காதீங்க.

பெரிய பொறி நடுவுல இருக்கு. ஹ்யெரிம் வீட்டுல விசித்திரத் தாயத்து கிடைச்சதும் எல்லா ஆதாரமும் அரண்மனை மந்திரவாதி வூன்ஃபெர்த் மேலதான் கை காட்டும். அரண்மனை நிர்வாகி யோர்லீஃப்கிட்ட போய் அவர்மேல குற்றம் சொன்னா அவரைச் சிறையில போடுவாங்க, கொலை அதோட நிக்காது. அதுக்குப் பதிலா வூன்ஃபெர்த்கிட்டயே தாயத்தைக் காட்டிப் பேசுங்க. அடுத்த கொலை ஸ்டோன் குவார்ட்டர்ல நடக்கும்னு அவரே சொல்வார். ராத்திரி சந்தைப் பக்கம் காத்திருங்க, ஆள் தானா வந்து மாட்டுவான். ஒவ்வொரு கட்டத்துலயும் தனி சேவ் வச்சுக்கோங்க. ஆட்டோசேவை மட்டும் நம்பினா, சிக்கினதுக்கு அப்புறம் பின்னாடி போக வழி இருக்காது.

செம்புலம்:
நடந்தே ஆடும் ஒருவருக்கு இன்னொன்று கச்சிதமாகப் பொருந்தும்: 'எ நைட் டு ரிமெம்பர்'. லெவல் 14க்கு மேல் ஏதாவது ஒரு சத்திரத்தில் சாம் குவென் உட்கார்ந்திருப்பார், உங்கள் லெவலுக்கு இப்போதே கிடைப்பார். குடிப் போட்டிக்கு ஒப்புக்கொண்டால், எந்த ஊரில் குடித்தாலும் கண் விழிப்பது மேற்குக் கோடியில் மார்கார்த், டிபெல்லா கோயிலில். அங்கிருந்து ரோரிக்ஸ்டெட், வைட்ரன், விட்ச்மிஸ்ட் க்ரோவ், விண்ட்ஹெல்முக்குத் தென்மேற்கே மோர்வன்ஸ்கார் என்று வரைபடத்தை மேற்கிலிருந்து கிழக்காக முழுக்கக் கடக்க வேண்டும். ஃபாஸ்ட் டிராவலில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் குவெஸ்ட், நடந்தால் ஒரு முழுப் பயணமாகிவிடுகிறது.

இடறும் இடம் வைட்ரன். யிசோல்டா, போதையில் நீங்கள் அவளிடம் வாங்கிய மோதிரத்தைத் திரும்பக் கேட்பாள். அது இருப்பது விட்ச்மிஸ்ட் க்ரோவில், மொய்ரா என்ற ஹேக்ரேவனிடம் (பாதிப் பறவையான சூனியக்காரி). எடுத்துக்கொண்டு வைட்ரன் வரை திரும்பி வந்து, மறுபடி கிழக்கே போக வேண்டும். ஸ்பீச் ஓரளவு ஏறியிருந்தால் யிசோல்டாவிடம் பேசியே சம்மதிக்க வைத்துவிடலாம், அந்த அலைச்சல் மிச்சம். ரோரிக்ஸ்டெட்டில் கிளெடா என்ற ஆட்டை மீட்கும்போது பக்கத்தில் ராட்சதன் இருப்பான். லைட் ஆர்மரில் அவன் ஒரு அடி தாங்காது, ஆட்டிடம் பேசியதும் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். மோர்வன்ஸ்கார் வாசலிலேயே மந்திரவாதிகள் தாக்குவார்கள், வெளியே இருப்பவர்களை தூரத்திலிருந்து வில்லால் முடித்துவிட்டு உள்ளே போங்கள். கடைசியில் கிடைக்கும் சாங்குயின் ரோஸ் தடி 60 வினாடிக்கு ஒரு ட்ரெமோரா அரக்கனை அழைக்கும். முன்னால் நின்று அடி வாங்க ஆள் கிடைப்பதால், பிளாக்ரீச் இறங்கும் முன் இதை முடித்து வைத்துக்கொள்வது நல்லது.

மலைப்பாதை:
அப்போ வரிசை இப்படி: முதல்ல சாம், அடுத்து உஸ்டென்க்ரேவ், மூணாவது சொல் கிடைச்சதும் செப்டிமஸ். விண்ட்ஹெல்ம் வழியா போகும்போதெல்லாம் ராத்திரி ஒரு தடவை கல்லறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கிறேன்.

வெண்ணந்தை:
சரியான வரிசை. சாம்கிட்ட பேசறதுக்கு முன்னாடி மூட்டையை வீட்டுப் பெட்டியில இறக்கிடுங்க, மார்கார்த்ல கண் முழிக்கும்போது கையில இருக்கிறதையெல்லாம் நீங்கதான் கிழக்கு வரைக்கும் சுமக்கணும்.