புதுப்பிப்பு: மாணவர்களுக்கான என் கேள்வித்தாள்

புகையிலைப் பழக்கம், பாலியல் நலம், மனநலம் மூன்றையும் என் ஆய்வுக்காக ஒரே கேள்வித்தாளில் பாளையங்கோட்டைப் பகுதிப் பள்ளி மாணவர்களிடம் கேட்கலாமா என்று சென்ற மாதம் இங்கே ஆலோசனை கேட்டிருந்தேன். முதல் பக்கத்தில் ‘நீங்கள் சொல்வது யாவும் இரகசியம்’ என்றிருந்ததை ஒருவர் கண்டித்திருந்தார். அவர் கூறியதே சரி. 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. ஆகவே காப்பாற்ற இயலாத வாக்கை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவிருந்தேன். எதை என்னால் மறைத்து வைக்க முடியாது என்பதே இப்போது கேள்வித்தாளின் முதல் பத்தியில், எளிய தமிழில் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்குக் கேள்வித்தாள் மட்டுமே; நேரில் பேசும் நேர்காணல்களை 18 வயது நிறைந்த கல்லூரி மாணவர்களோடு மட்டும் வைத்துக்கொண்டேன்.

பாலியல் கேள்விகளை நீக்கினால்தான் அனுமதி என்றது ஒரு பள்ளி. நீக்காமல் வேறு பள்ளியை நாடினேன்.

முன்னோட்டத்தில், புகையிலை பற்றிய கேள்விகளுக்கு மளமளவென்று குறியிட்ட பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா’ என்ற வரியில் பேனாவை ஊன்றியபடி நெடுநேரம் அமர்ந்திருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “இத எங்க அப்பா பாப்பாவளா சார்?” பெயரெழுதாத தாளைத் தானே மடித்துப் பெட்டியில் போடலாம் என்று காட்டிய பிறகே எழுதினான். பெற்றோரின் ஒப்புதலோடு மாணவரின் எழுத்துபூர்வ இசைவையும் பெறுவது எவ்வளவு அவசியம் என்று அன்று உணர்ந்தேன்.

அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416 அச்சிட்ட அட்டையை, எவரும் தனித்துத் தெரியாதபடி, அனைவருக்குமே கொடுக்கிறோம்.