நகர ஆணையங்களில் இருந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். கலிபோர்னியாவில் எங்கள் ஊர்ப் பூங்கா ஆணையத்தில் தன்னார்வ உறுப்பினராக இருக்கிறேன். போன கூட்டத்துக்கு ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடக்கிறது என்றார். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்கிற கலிபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி 72 மணி நேரம் முன்பே ஒட்டிய நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. அதனால் விவாதிக்க முடியாது. குறித்துக்கொண்டு ஊழியரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சட்டம் தேவைதான், மறைவில் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் நாங்கள் அனுப்பும் பரிந்துரைகளுக்கும் நகர மன்றத்திலிருந்து பதிலே வருவதில்லை. இப்படி இருந்தால் ஆணையத்தில் சேர யார் விண்ணப்பிப்பார்கள்?

சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் ஆணையங்களில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மன்றத்திடம் பதில் வாங்க என்ன செய்தீர்கள்? உங்கள் ஊர் விதிமுறை நகல் இருந்தால் அனுப்புங்கள், அடுத்த கூட்டத்துக்குள் படித்துவிடுகிறேன்.